புற ஊதா டார்ச்: தேள் நடமாடும் வீட்டில் ஆறு மாதப் பயன்பாடு

எங்கள் வீடு தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்னந்தோப்பை ஒட்டியிருக்கும் பழைய ஓட்டு வீடு. செருப்பை உதறாமல் போடக் கூடாது, விறகைக் கையால் துழாவி எடுக்கக் கூடாது என்று சொல்லியே இங்கே பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆயினும் சென்ற ஐப்பசி மழையில், இரண்டு வயதுப் பேத்தியைப் படுக்க வைப்பதற்காக விரித்த பாயின் மடிப்பிலிருந்து செந்தேள் ஒன்று ஓடியதைக் கண்ட பிறகு, இனி இதைப் பொறுப்பதற்கில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றை அழைத்து, 2,800 ரூபாய் கொடுத்து வீடு முழுவதும் மருந்து அடிக்கச் செய்தோம். மூன்று மாதத்துக்குத் தேள் தலைகாட்டாது என்று உறுதி கூறிச் சென்றார்கள். ஒன்பதாம் நாள் குளியலறையில் ஒன்று கிடந்தது. பகலெல்லாம் மருந்து எட்டாத இடுக்கில் ஒடுங்கிக் கிடப்பதும், மாதக்கணக்கில் இரையின்றி உயிர் தாங்குவதும் தேளின் இயல்பு என்பதால், கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்து அதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. தேளுக்கு இரையாகும் கரப்பான்கள் குறைந்தன என்பதே அந்தச் செலவில் கிடைத்த பலன்.

அதன் பின்னரே புற ஊதா டார்ச் வாங்கினேன். தேளின் மேலோட்டில் உள்ள சில வேதிப்பொருள்கள் புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, பச்சையும் நீலமும் கலந்த வெளிச்சமாகத் திருப்பித் தருகின்றன. கடைகளில் மலிவாகக் கிடைப்பது 395 நானோமீட்டர் அலைநீள ஒளி தரும் வகை. அதன் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடுவதால், ஐந்தாறு அடிக்கு அப்பால் இருப்பது சரியாகத் தெரியவில்லை. பிறகு 1,150 ரூபாய்க்கு வாங்கிய 365 நானோமீட்டர் டார்ச்சில், முற்றத்தின் அந்தக் கோடியில் இருக்கும் தேள்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. விலை கூடினாலும் இரண்டாவது வகையையே வாங்குங்கள்.

முதல் இரவு எட்டு மணிக்கு மேல், விளக்குகளை அணைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போனபோது, சாந்து பூசாத கல் சுவரின் இடுக்குகளில் மட்டும் பதினொரு தேள்களை எண்ணினேன். விறகுக் குவியலின் அடியில் ஒரு தாய்த் தேள் குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு நின்றது. தாயின் உடல் மட்டும் பச்சையாகச் சுடர்விட, முதுகில் அடுக்கியிருந்த குஞ்சுகள் மங்கிய வெள்ளை அரிசியைப் போல ஒளியின்றித் தெரிந்தன. இந்த டார்ச்சின் பெரிய குறையும் அதுதான்: பிறந்த குஞ்சுகளும், தோல் உரித்த புதிதில் பெரிய தேள்களும் இதில் சரியாக ஒளிர்வதில்லை. சலவைத்தூள் பட்ட துணி, பிளாஸ்டிக் துணுக்கு போன்றவையும் பளிச்சிடுவதால் முதல் சில நாள் ஏமாற்றம் உண்டு. எங்கள் பக்கம் நட்டுவாக்காலி என்று சொல்லும் பெரிய கருந்தேளும், அதைவிடச் சிறியதானாலும் உயிருக்கு ஆபத்தான செந்தேளும் ஒரே பச்சையாகவே தெரிவதால், அடையாளம் காணச் சாதாரண டார்ச்சும் கையில் வேண்டும்.

டார்ச் தேளைத் தடுப்பதில்லை. அது வரும் வழியைக் காட்டுகிறது. தொடர்ந்து நான்கு இரவுகள் பார்த்ததில், பின்வாசல் கதவின் அடியில் இருந்த விரற்கடை இடைவெளியும், குளியலறைத் தண்ணீர் வெளியேறும் துளையுமே அவற்றின் பாதை என்பது தெளிவாயிற்று. கதவின் அடியில் ரப்பர் பட்டை பொருத்தி, துளைக்கு நுண்ணிய எஃகு வலை வைத்து, கல் சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்து, விறகைத் தொழுவத்துக்கு மாற்றினோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து அடித்த செலவில் பாதிகூட ஆகவில்லை. கார்த்திகைக்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு தேளையும் பார்க்கவில்லை.

குழந்தைகள் உள்ள வீட்டார் ஒன்றை மறக்கக் கூடாது. செந்தேள் கொட்டிய பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி வந்து, கைகால் சில்லிட்டால், மந்திரிப்பதிலும் பச்சிலை வைத்துக் கட்டுவதிலும் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மகாராஷ்டிர மாநிலம் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980களில் பிரசோசின் மருந்தைக் கொண்டு செந்தேள் கடிக்குச் சிகிச்சையளித்து, அங்கே மரணங்களைப் பெருமளவு குறைத்தார். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நேரத்தோடு போனால் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டார்ச் ஒரு முறை மின்னேற்றம் செய்தால், தினமும் பத்து நிமிடம் வீதம் எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வருகிறது. அதன் ஒளியைக் கண்ணில் படவிடக் கூடாது என்பதால் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறேன். ரப்பர் பட்டையைப் பொறுத்தவரை ஒரு மனக்குறை உண்டு: சென்ற மாதம் அதன் இடது ஓரத்தை எலி கடித்துவிட்டது, அன்றிரவே அந்த ஓரத்தை ஒட்டி வெளிப்பக்கம் ஒரு செந்தேள் நின்றிருந்தது. இப்போது அந்த இடத்தில் தகரத் துண்டு ஒன்றை அடித்து, வாரம் ஒரு முறை குனிந்து பார்த்துவிடுகிறேன்.