ஜெல் பட்டையை அளக்க: இமேஜ்ஜேவா, இமேஜ் லேபா, பைதானா?

சிங்கப்பூரின் பயோபோலிஸிலோ கெண்ட் ரிட்ஜிலோ உள்ள ஆய்வகத்தில், பலர் பங்கிடும் கருவியில், புரதங்களை எடைவாரியாகப் பிரித்த ஜெல்லைப் படமெடுத்தாயிற்று. இனிப் புரதப் பட்டைகளை எண்ணாக்க வேண்டும்.

இமேஜ்ஜே, படங்களை அளக்கும் இலவச மென்பொருள். லேனை (ஒரு மாதிரி ஓடிய தடத்தை) செவ்வகத்தால் சுற்றி 1-ஐ அழுத்துங்கள், அதே செவ்வகத்தை அடுத்தடுத்த லேனுக்கு நகர்த்தி 2, கடைசியில் 3. மேடுபள்ளமாக ஒரு வரைபடம் வரும். மேட்டின் அடியைக் கையால் கோடு கிழித்து மூடி, மந்திரக்கோலால் சொடுக்கினால் பரப்பளவு கிடைக்கும். வம்பே அந்தக் கோட்டில்தான். 50, 47 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால், நடுக்கோட்டை எங்கே இறக்குகிறீர்களோ அதற்கேற்ப விடை மாறும். ஒரே லேனை மூன்று முறை அளந்து பாருங்கள், கை எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும்.

இன்னொரு கண்ணி: ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் 0–65,535 என்று குறிக்கும் 16 பிட் படத்தை இமேஜ்ஜேவில் 8 பிட்டாக்கும்போது, அந்நேரம் திரையிலுள்ள ஒளி வரம்பையே அது 0–255 ஆக்கிவிடும். பளிச்சென்று தெரியட்டுமே என்று முன்னதாக 'ஆட்டோ'வை அழுத்தியிருந்தால் அடர்ந்த பட்டைகளின் உச்சி வெட்டுப்படும். இரண்டு ஜெல்லை ஒப்பிடுவது வீண். 16 பிட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இமேஜ் லேப், பயோ-ராட் கருவிகளுக்கான மென்பொருள். லேன்களைத் தானே பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆதாயம், அளவுக்கு மீறி ஒளி வாங்கிய புள்ளிகளைச் சிவப்பாகக் காட்டுவது. 65,535-இல் தட்டையாகிவிட்ட பட்டையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுக்க வேண்டியதுதான். வீட்டில் இமேஜ்ஜேவில் தொடர்வதானால் படத்தைப் 'பகுப்பாய்வுக்கு' என்ற வழியில் ஏற்றுமதி செய்யுங்கள். 'வெளியீட்டுக்கு' என்பது கண்ணுக்கு அழகு, கணக்குக்கு ஆகாது.

மூன்று ஜெல்லுக்குப் பைதான் நிரல் எழுதுவது வேலையைக் கூட்டிக்கொள்வதே. நாற்பது என்றால் அதுதான் சரி. ஆனால் பின்னணி நீக்கும் உருள்பந்தின் ஆரம் இமேஜ்ஜேவில் இயல்பாக 50 பிக்சல், பைதானின் பட நூலகமான ஸ்கைகிட்-இமேஜில் 100. மாற்றாமல் ஓட்டினால் ஒரே படத்துக்கு இரண்டு விடை. ஆரம் பட்டையைவிடச் சிறிதானால் பந்து பட்டையையே தின்றுவிடும். ஸ்கைகிட் பந்து இருண்ட பின்னணியையே எதிர்பார்க்கும். கூமாசி என்ற நீலச் சாயமேற்றிய ஜெல்லில் பட்டைதான் இருண்டிருக்கும், அதனால் படத்தின் கறுப்பு வெள்ளையை முதலில் மாற்றிப்போட வேண்டும். நிரல் பிசகினால் நாற்பதிலும் ஒரே பிசகு. அதனால் அது கண்டுபிடித்த உச்சிகளைப் படத்தின்மேல் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்.