கோபுரமா, மாளிகையா, குருமனையா: அயர்லாந்து நாட்டுப்புறத்தில் விலைக்கு வரும் வீடுகள்

டாஃப்ட், மைஹோம் போன்ற அயர்லாந்து வீட்டு விற்பனைத் தளங்களில் நகரங்களை ஒதுக்கிவிட்டு நாட்டுப்புறத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினால், 15ஆம் நூற்றாண்டுக் கற்கோபுரமும், நடன மண்டபம் கொண்ட மாளிகையும், மணிக்கூண்டு மாறாத பழைய தேவாலயமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்தான்: படுக்கையறைகள் இத்தனை, சதுர மீட்டர் இவ்வளவு, உத்தேச விலை இது. ஆனால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்துக்காகக் கட்டப்பட்டவை. அந்தக் காரணம் வீட்டைவிட்டு இன்னும் போகவில்லை. நெடுநாளாக இந்தப் பட்டியல்களை விரும்பிப் பார்த்து வருபவன் என்ற முறையில், விலையைவிடக் கூரையையும் சுவரையும் ஒப்பிடுவதே சரி என்று கருதுகிறேன்.

முதலில் கோபுர வீடு, அதாவது குடும்பம் வாழக் கோபுர வடிவில் கட்டிய சிறு கோட்டை. 1429ஆம் ஆண்டில், டப்ளின், மீத், கில்டேர், லவுத் ஆகிய நான்கு மாவட்டங்களில் கோட்டை கட்டுவோருக்கு 10 பவுண்டு மானியம் வழங்க ஒரு சட்டம் வந்தது. குறைந்தது 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைய விளம்பரங்கள் தெளிவாகப் புரியும். இத்தகைய வீட்டில் 'மூன்று படுக்கையறை' என்றால் பெரும்பாலும் தளத்துக்கு ஓர் அறை என்று பொருள். அறைகளை இணைப்பது ஒரே ஒரு குறுகிய சுழல் படிக்கட்டு. கட்டிலும் அலமாரியும் அதன் வழியாக ஏறாது; துண்டு துண்டாகக் கொண்டுபோய் மேலே பொருத்த வேண்டும்.

இத்தனைக்கும் என் மனம் முதலில் போய் நிற்பது இங்கேதான். பழைய கோபுரங்களின் வளைகூரையை அண்ணாந்து பார்த்தால், கட்டும்போது தாங்கலாக வைத்த மெல்லிய மரக்குச்சிப் பாயின் பின்னல் தடம் சுண்ணாம்புக் காரையில் இன்னும் பதிந்திருப்பதைக் காணலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ முடைந்த பாயின் சுவடு தலைக்கு மேல் இருக்கும் வீட்டை வேறெங்கும் எளிதில் வாங்க முடியாது. கவிஞர் யேட்ஸ் 1917இல் கால்வே மாவட்டத்து பாலிலீ கோபுரத்தை 35 பவுண்டுக்கு வாங்கினார். ஆற்றை ஒட்டி நிற்கும் அந்தக் கோபுரத்துக்குள் வெள்ளம் புகுவது வழக்கம்; 2009ஆம் ஆண்டு வெள்ளம் அதைக் கடுமையாகப் பாதித்தது. நடிகர் ஜெரமி அயன்ஸ் 1998இல் கார்க் மாவட்டக் கடலோரத்தில், மெக்கார்த்தி குலத்தாரின் கில்கோ கோட்டையைக் கூரையற்ற இடிபாடாக வாங்கிப் பல ஆண்டுகள் உழைத்து மீட்டெடுத்தார். அதன் வெளிச்சுவரின் செம்மஞ்சள் நிறத்தைப் பற்றி அன்று பேச்சு எழுந்தது. ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது நிறத்தை அல்ல, பூச்சை. அட்லாண்டிக் காற்று மழையைச் சுவருக்குள் பக்கவாட்டில் செலுத்துகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் பூச்சோ உள்ளேயே அடைத்துவிடும். விளம்பரப் படத்தில் சிமென்ட் தெரிந்தால், அதை அகற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோபுரம் தொல்சின்னப் பதிவேட்டில் இருந்தால், வேலை தொடங்க இரண்டு மாதங்களுக்கு முன்பே அரசுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பரணில் வௌவால்கள் தங்கியிருந்தால் அவையும் சட்டப் பாதுகாப்புக்கு உரியவை. அவை அங்கே தங்கும் காலத்தை ஒட்டித்தான் கூரை வேலையைத் திட்டமிட முடியும்.

இரண்டாவது, 18ஆம் நூற்றாண்டு ஜார்ஜியன் மாளிகை, அதாவது ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பாணியில் எழுந்தது. புகைப்படத்தில் இதற்கு இணை இல்லை: உயரமான சாளரங்கள், சுதைவேலைக் கூரைகள், மரங்கள் சூழ்ந்த நீண்ட நுழைபாதை. எனினும் இது குத்தகை வருமானத்தை நம்பி எழுந்த வீடு. 1903ஆம் ஆண்டின் நிலச் சட்டத்துக்குப் பின் நிலங்கள் குத்தகைதாரர்களின் கைக்குப் போயின. மாளிகை நின்றது, அதைத் தாங்கிய வருமானம் போய்விட்டது. 1920 முதல் 1923 வரை நடந்த விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் இருநூறுக்கும் மேற்பட்ட மாளிகைகள் எரிந்தன. பின்னர், கூரையுள்ள கட்டடத்துக்கே உள்ளாட்சி வரி என்பதால், வரிக்குத் தப்பக் கூரையை உரிமையாளர்களே பிரித்துப்போட்ட வீடுகளும் உண்டு. அழிவைத் தடுக்க 1958இல் ஐரிஷ் ஜார்ஜியன் சங்கம் தோன்றியது. இன்று விலைக்கு வருபவை இவ்வளவையும் கடந்து மிஞ்சியவை.

மாளிகையின் உண்மையான பலவீனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஓடும் ஈய வடிகாலில் இலைகள் அடைத்தால், நீர் உள்ளே திரும்பி உத்தரங்களின் முனையில் இறங்கி, மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு வழி திறக்கும். வரவேற்பறைச் சுதைவேலையை ரசிப்பதற்கு முன் ஏணி வைத்து அந்த வடிகாலைப் பார்ப்பவரே கெட்டிக்காரர்.

செலவு மதிப்பீட்டை மீறுவதும் இங்கே பழைய கதைதான். விக்லோ மாவட்டத்து ஹ்யூம்வுட் கோட்டை 1867இல் தொடங்கப்பட்டது. பெயரில் கோட்டை இருந்தாலும் அது விக்டோரியா காலத்து மாளிகை. 15,000 பவுண்டு மதிப்பீடு 25,000 ஆக உயர்ந்து, ஒப்பந்தக்காரர் நீதிமன்றம் வரை போனார். விளம்பரங்களில் 'கோட்டை' என வருபவற்றில் பலவும் இத்தகைய 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களே. கார்க் மாவட்டத்து காசில்ஹைடு அதற்கும் முந்தையது: பெயரில் கோட்டை ('காசில்'), கட்டடம் ஜார்ஜியன் மாளிகை. நடனக் கலைஞர் மைக்கேல் பிளாட்லி 1999இல் அதை வாங்கிப் பெரும் பொருள் செலவிட்டுப் புதுப்பித்தார். 2015இல் அது 2 கோடி யூரோவுக்கு விற்பனைக்கு வந்தது.

வரியிலும் மாளிகை கனமானது. வீட்டுக்கான முத்திரைத் தீர்வை முதல் 10 லட்சம் யூரோவுக்கு 1 விழுக்காடு, அடுத்த 5 லட்சத்துக்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் 6 விழுக்காடு. ஆகவே 30 லட்சம் யூரோ வீட்டுக்குத் தீர்வை மட்டும் 1,10,000 யூரோ; 8 லட்சம் யூரோ வீட்டுக்கோ 8,000தான். வீட்டோடு சேர்ந்த ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு 7.5 விழுக்காடு தனியே உண்டு. பழுதுபார்க்கும் செலவுக்கு வருமான வரிச் சலுகை பெற வரிச் சட்டத்தின் 482ஆம் பிரிவு வழி தருகிறது; அதற்கு ஆண்டுக்கு 60 நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். தனிமையைத் தேடி வாங்குபவர் இந்த நிபந்தனையை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதில் இரண்டு உறவினர்கள் இருக்கிறார்கள்: தேவாலயமும், அதன் குருவானவர் குடியிருந்த குருமனையும். 1711 முதல் 1833 வரை இயங்கிய ஒரு திருச்சபை வாரியம் நாடெங்கும் தேவாலயங்களுக்கும் குருவானவரின் இல்லங்களுக்கும் மானியமும் கடனும் தந்தது. 1871இல் ஆங்கிலிக்கன் பிரிவைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபை அரசுச் சபை என்ற தகுதியை இழந்தது. காலப்போக்கில் சபையார் குறைந்த இடங்களில் இரண்டுமே விற்பனைக்கு வந்தன. இவற்றில் தேவாலயம் மயக்கும், ஆனால் வீடாக மாறுவதற்கு இணங்காது. ஒரே பெருங்கூடம், மேலே போய்த் தங்கிவிடும் சூடு, இடைத்தளம் போட்டால் நடுவே வெட்டுப்படும் கூர்முனைச் சாளரங்கள். பலவற்றில் தண்ணீர்க் குழாய் கிடையாது. சுற்றிலும் கல்லறைகள் இருப்பதால் செப்டிக் டேங்குக்கு இடம் தேடுவதும் கடினம்.

குருமனையோ முதல் நாளிலிருந்தே ஒரு குடும்பம் வாழக் கட்டப்பட்ட வீடு. நிலவறைக்கு மேல் இரண்டு தளம், முகப்பில் மூன்று சாளர வரிசை, சில ஏக்கர் தோட்டம். ஜார்ஜியன் அளவழகு முழுதும் சிறிய உருவில் கிடைக்கிறது. கூரை எளியது, அறைகள் வாழத்தக்க அளவின. நிலவறையின் ஈரம் மட்டுமே தொல்லை. வாழ்வதற்காக வாங்குவோருக்கு என் தேர்வு தயக்கமின்றி இதுவே.

2007க்கு முந்தைய செழிப்புக் காலத்தில் எழுந்த தூண் முகப்பு மாளிகைகள் வசதியானவை. அவற்றில் எனக்கு ஈர்ப்பில்லை. டோனகல், மேயோ மாவட்டங்களில் அந்தக் காலத்து வீடுகளைப் பார்ப்பவர் கான்கிரீட் கற்களைச் சோதித்த சான்றைக் கேட்க வேண்டும். குறைபாடுள்ள கற்களால் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டுள்ளன.

கோபுரம்தான் வேண்டும் என்போருக்கு ஒரு யோசனை. விக்லோ முனையில் 1781ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் ஒன்றை ஐரிஷ் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை தங்குமிடமாக வாடகைக்கு விடுகிறது. எண்கோண அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன; சமையலறை உச்சியில், 109 படிகளுக்கு மேல். பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரம் அங்கே தங்கி, வாங்கிய காய்கறிப் பைகளை நாள்தோறும் மேலே சுமந்து பார்த்துவிட்டு, பிறகு தரகரை அழைக்கலாம்.