ஆறு வருடம் ஆப்புக்கு டெஸ்ட் எழுதியதில் எது தங்கியது, எதைத் தூக்கிப் போட்டேன்

2019 ஆகஸ்ட் முதல் வாரம். கோவையில் நாலு பேர் சேர்ந்து பால்காரர்களுக்கு ஒரு கணக்கு ஆப்பைக் கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதி வெளியிட்டிருந்தோம். பால் ஊற்றியதும் வீட்டுப் பெயரைத் தட்டினால் போதும், மாதக் கடைசியில் கணக்கு வந்துவிடும். ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, போன மாசம் ஒம்பதாந்தேதி நான் பாலே ஊத்தலைன்னு உங்க ஆப் சொல்லுதுங்க. அந்த அக்கா காசைக் கழிச்சுட்டுக் குடுக்குறாங்க."

"பட்டனைத் தட்டினீங்களாண்ணா?"

"தட்டுனனுங்க. பச்சை டிக்கே வந்துச்சு."

என் போனில் எத்தனை தடவை ஓட்டினாலும் சரியாகவே வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் சிக்கியது, நானே எழுதிய ஒற்றை வரி. இன்றைய தேதிக்காகச் சிஸ்டம் நேரத்தை 8,64,00,000 மில்லிசெகண்டால் வகுத்திருந்தேன். அதில் வருவது யூடிசி (உலகப் பொது நேரம்) தேதி; நம் கடிகாரத்தில் காலை 5:30 ஆனால்தான் அது மாறும். திங்கள் 5:40க்கு ஊற்றிய பால் திங்களில் ஏறியது. செவ்வாய் 5:20க்கு ஊற்றியதும் திங்களிலேயே ஏறியது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான் என்று டேட்டாபேஸில் வைத்திருந்தோம், அதனால் பின்னது முன்னதை அழித்துவிட்டது. செவ்வாய் காலி. பத்து மணிக்கு ஆபீஸ் வருகிறவன் கண்ணில் இது எப்படிப் படும்?

வகுத்தலை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் சரியாகிவிட்டதா என்று பார்க்க விடிகாலையில் எழுந்து உட்கார வேண்டும், அல்லது போனின் நேரத்தைத் திருக வேண்டும். அன்றுதான் நேரம் சொல்லும் 'க்ளாக்'கை, வகுப்பை (கிளாஸ்) உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக உள்ளே கொடுக்க ஆரம்பித்தேன். ஆப்பில் நிஜக் கடிகாரம் போகும். டெஸ்டில், அதாவது ஆப்பின் கோடைத் தானாக ஓட்டிச் சரிபார்க்கும் நிரலில், ஜூலை 9, காலை 4:30 என்று உறைந்து நிற்கும் கடிகாரம் போகும். (ஆண்ட்ராய்டு 8க்குக் கீழே அந்த ஜாவா நேர வகுப்புகள் அப்போது கிடையாது. 2020இல் அவற்றைப் பழைய போனுக்கும் கொண்டுவரும் டீசுகரிங் வரும்வரை த்ரீடென் என்ற மாற்று லைப்ரரிதான் கைகொடுத்தது.)

இந்த ஆறு வருடத்தில் எனக்குச் சோறு போட்ட பழக்கம் இது ஒன்றுதான். நேரம், நெட்வொர்க், லொகேஷன், த்ரெட் எல்லாம் வெளியிலிருந்து வரட்டும். வகுப்பு தானாகப் போய் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு, இப்படி உள்ளே கொடுப்பதைத் தானாகச் செய்யும் டேகரோ ஹில்ட்டோ கட்டாயமில்லை. முதல் ஒரு வருடம் கையாலேயே கோத்தோம். திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமாடலுக்குள், ஆண்ட்ராய்டோடு பேசும் காண்டெக்ஸ்ட் நுழையாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. லாக் எழுதும் சாதாரண வரி ஒன்று போதும், சிறு பகுதியை மட்டும் கணினியிலேயே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் "நாட் மாக்டு" என்று விழும். கணினியில் ஓடும்போது இருப்பது வெறும் கூடான ஆண்ட்ராய்டு ஜார் கோப்புதானே. இயல்பான மதிப்பைத் திருப்பித் தரச் சொல்லி, ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடிலில் ஒரு வரி போட்டு அந்தப் பிழையை மூடலாம். நாங்கள் மூடவில்லை. அது கத்தும் இடத்தில் பெரும்பாலும் உண்மையிலேயே தப்பு இருந்தது.

வருத்தப்படுவது மாக் விஷயத்தில். நிஜ வகுப்புக்குப் பதில் டெஸ்டில் நின்று, யார் அழைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளும் பொம்மைதான் மாக். ஒரு காலத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மாக் செய்து, 'இந்த ஃபங்ஷன் ஒரு முறை அழைக்கப்பட்டதா' என்று சரிபார்த்துக் குவித்தோம். பெயர் மாற்றினால் டெஸ்ட் உடையும், பில் தப்பாக வந்தாலோ பச்சையாகவே நிற்கும். பிறகு, தரவை எடுத்துத் தரும் ரெப்போசிட்டரிக்கு, நிஜமாகவே வேலை செய்யும் எளிய மாற்றாக ஒரு ஃபேக் எழுதினோம். உள்ளே ஒரு லிஸ்ட், நாலைந்து ஃபங்ஷன், அவ்வளவுதான். பழைய மாக் டெஸ்டுகளை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அழித்தேன். கவரேஜ் சதவீதம் (டெஸ்டுகள் ஓட்டிப் பார்க்கும் கோடின் அளவு) சரிந்ததைப் பார்த்து ஒருவர் கோபித்துக்கொண்டார். ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் கெட்டருக்கெல்லாம் டெஸ்ட் எழுதி ஏற்றிய சதவீதம் அது.

பின்னணி வேலைகளை ஓட்டும் கொரூட்டினுக்கான டெஸ்டுகள் கொஞ்சம் அலைக்கழித்தன. 2021 கடைசியில் கொரூட்டின் லைப்ரரியின் 1.6 பதிப்பில், அவற்றை டெஸ்டில் ஓட்டும் ரன்டெஸ்ட் வந்ததும் பழைய டெஸ்டுகளைத் திருத்தி எழுதினோம். திரையைத் தானாகத் தட்டிப் பார்க்கும் எஸ்பிரெஸ்ஸோவில், பில் அனுப்புவது போன்ற முக்கியமான வழிகளுக்கு மட்டும் சில டெஸ்ட் வைத்திருக்கிறோம். போனில் அனிமேஷனை அணைக்க மறந்தால் அவை இன்றும் காரணமில்லாமல் விழும்.

பலன் தெரிந்தது, திரை எழுதும் முறையை எக்ஸ்எம்எல்லிலிருந்து புதிய கம்போஸுக்கு மாற்றியபோது. திரைகள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டன. வியூமாடல் டெஸ்ட் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் பேட்டரி சேமிக்கிறேன் என்று போனே பின்னணி வேலையைக் கொன்றுவிடுவது, நினைவகம் போதாமல் ஆப் செத்துத் திரும்பப் பிழைப்பது, இதையெல்லாம் யூனிட் டெஸ்ட் பிடிக்காது. அதற்கு இன்னும் விலை குறைந்த பழைய போன் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன்.

டெஸ்ட் பெயர்களைத் தமிழிலேயே எழுதுவோம். பேக்டிக் (`) குறிகளுக்குள் கோட்லின் அனுமதிக்கிறது. முற்றுப்புள்ளி, முக்காற்புள்ளி போன்ற சில குறிகள் மட்டும் ஆகாது. ஆகவே அந்த முதல் டெஸ்டின் பெயர், 'விடிகாலை நாலரை மணிப் பால் அன்றைய கணக்கில்தான் ஏறணும்'. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் தேதிக் கோடைச் சுருக்கி எழுத, அது சிவப்பாகிவிட்டது. என் மேசைக்கு வந்து நின்றான்.

"அண்ணா, இந்த டெஸ்டைத் தூக்கிரலாமா? நாலரை மணிக்கு யாருண்ணா ஆப் யூஸ் பண்ணப் போறாங்க?"