கையும் தோளும் எப்படி அசைகின்றன என்பதை அளக்கும் சென்சார் தொகுப்பு: ஒரு மதிப்புரை

பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி பெறும் ஒருவர் மேசையிலிருக்கும் குவளையை எடுத்துவிட்டால், முன்னேற்றம் என்று குறித்துக்கொள்வது எளிது. ஆனால் அவர் மேற்கையைத் தோள்மூட்டிலிருந்து உயர்த்தி முழங்கையை நீட்டி எடுத்தாரா, அல்லது உடலை முன்னே சாய்த்து, தோளைக் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு எடுத்தாரா என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் அடுத்த கட்டம் அமைகிறது. இந்த வேறுபாட்டை எண்களாகத் தருவதற்கென்று, உடலில் கட்டிக்கொள்ளும் ஐந்து சென்சார்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். சில இடங்களில் அது மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது. ஓரிடத்தில் பயனரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடியது.

மார்பெலும்பு, தோள்பட்டை எலும்பின் மேல்முனை, மேற்கை, முன்கை, புறங்கை ஆகிய இடங்களில் சென்சார்கள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் முடுக்கமானி, சுழற்சி வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப், புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசையறியும் காந்தமானி ஆகிய மூன்றும் உள்ளன. நொடிக்கு 100 முறை அளவெடுக்கிறது. மனிதர் தாமாகச் செய்யும் கையசைவுகளுக்கு இது தாராளமாகப் போதும்.

முழங்கை மடக்குதல், கையை முன்புறமாக உயர்த்துதல் போன்றவற்றில் இது காட்டும் கோணங்களை நம்பலாம். கையால் பிடித்து அளக்கும் கோணமானியிலேயே ஐந்து டிகிரி அளவுக்கு வேறுபாடு வருவது வழக்கம் என்பதை நினைவில் கொண்டால், இதன் பிழை பெரிதாகத் தோன்றாது. மேற்கையின் உட்சுழற்சியிலும் வெளிச்சுழற்சியிலும் நம்பிக்கை குறைகிறது. எலும்பு சுழலும் அளவுக்கு அதன்மேலுள்ள தோலும் தசையும் சுழல்வதில்லை. தோள்பட்டை எலும்பில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கையை 180 டிகிரி உயர்த்தும்போது, அதில் ஏறத்தாழ 120 டிகிரி தோள்மூட்டிலும் 60 டிகிரி தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் நிகழ்கிறது என்ற 2:1 விகிதத்தை இன்மனும் அவருடைய சகாக்களும் 1944-இல் விளக்கினர். அந்த விகிதம் குலைவதைக் கண்டறிவதுதான் தோள்வலிச் சிகிச்சையில் நமக்குத் தேவைப்படுவது. ஆனால் கை சுமார் 120 டிகிரியைத் தாண்டியதும் தோலுக்கு அடியில் எலும்பு நழுவுவதால், மேல்முனையில் ஒட்டிய சென்சார் உண்மைச் சுழற்சியைக் காட்டுவதில்லை. இந்த மென்பொருளோ எந்த எச்சரிக்கையும் இன்றி 180 வரை ஒரே அழுத்தமான கோடாக வரைந்து காட்டுகிறது. அந்தப் பகுதியை மங்கலாகவாவது காட்டியிருக்க வேண்டும்.

அசைவின் சீர்மையை அளப்பதில்தான் இத்தொகுப்பின் உண்மையான வலிமை வெளிப்படுகிறது. நலமான ஒருவர் ஒரு பொருளை நோக்கிக் கையை நீட்டும்போது, வேகம் ஒரே சீராக ஏறி ஒரே சீராக இறங்குகிறது; வரைபடத்தில் மணி வடிவில் ஒற்றை மேடு தெரியும். ஃபிளாஷ், ஹோகன் ஆகிய இருவரும் 1985-இல் முடுக்கம் மாறும் வீதத்தைக் குறைந்தபட்சமாக்கும் பாதை என்று கணிதமாக விவரித்தது இதைத்தான். பக்கவாதத்துக்குப் பின் அந்த ஒற்றை மேடு பல சிறு மேடுகளாக உடைகிறது. மேடுகளை எண்ணுவது எளிய வழி. ஆனால் தரவை எவ்வளவு வடிகட்டுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறிவிடும். இத்தொகுப்பு அதோடு, வேக அலையின் அதிர்வெண் நிறமாலையின் வில் நீளத்தையும், அதாவது வேகத்தின் ஏற்ற இறக்கங்களை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைந்த வளைகோட்டின் நீளத்தையும், கணக்கிடுகிறது. இது எதிர்மறை எண்ணாக வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க அசைவு சீராகிறது என்று பொருள். கையை எவ்வளவு தூரம் நீட்டினார் என்பது இந்த எண்ணைப் பாதிப்பதில்லை என்பதால், முதல் வாரத்தின் சிறிய அசைவையும் பிந்தைய வாரங்களின் பெரிய அசைவையும் ஒப்பிட முடிகிறது.

இதில் வடிவமைப்பாளர்கள் எடுத்த ஒரு முடிவைத் தனியே பாராட்ட வேண்டும். சீர்மைக் கணக்குக்கு முடுக்கமானியின் தரவை நேரடியாக எடுக்காமல், ஜைரோஸ்கோப்பின் சுழற்சி வேகத்தை எடுத்திருக்கிறார்கள். முடுக்கமானி எப்போதும் புவியீர்ப்பையும் சேர்த்தே உணர்கிறது; கை திரும்பும்போதெல்லாம் அந்த 9.8 மீ/வி² அளவு ஓர் அச்சிலிருந்து மற்றோர் அச்சுக்கு மாறி, இல்லாத அசைவை இருப்பதாகக் காட்டிவிடும்.

மார்புச் சென்சாரை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொரு கைநீட்டலின்போதும் உடல் எத்தனை டிகிரி சாய்ந்தது என்பதை அது தனியாகத் தருகிறது. மணிக்கட்டில் மட்டும் கட்டும் கருவிகளால் இதைச் சொல்லவே முடியாது. தன் சாய்வைத் திரையில் பார்க்கும் நோயாளி, நாம் சொல்லாமலே முதுகை நாற்காலியில் பதித்துக்கொண்டு மறுபடி முயல்கிறார்.

இவ்வளவு தெளிவாகப் பிரித்தளந்த பின், எல்லாவற்றையும் 100-க்கு இத்தனை என்று ஒரே ‘இயக்கத் தர’ மதிப்பெண்ணாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. சீர்மை கூடி, உடற்சாய்வும் கூடிய ஒருவருக்கு அந்த மதிப்பெண் உயர்ந்ததை நாங்கள் பார்த்தோம். அவர் கற்றுக்கொண்டது ஈடுகட்டும் அசைவை. அறிக்கை சொன்னதோ மேம்பாடு என்று. எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை என்பதை நிறுவனம் வெளியிடவில்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய மீட்சியை அளக்கும் ஃபூகல்-மேயர் மதிப்பீட்டில் கைப்பகுதிக்கு 66 புள்ளிகள் உண்டென்றாலும், ஒவ்வோர் அசைவுக்கும் 0, 1, 2 என்று தனித்தனியே குறிப்பதால் எங்கே இழப்பு என்பது தெரிந்துவிடும். அந்த வெளிப்படைத்தன்மை இங்கே இல்லை.

அளவுத்திருத்தத்துக்குக் கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கச் சொல்கிறார்கள். தசை இறுக்கம் உள்ளவரால் அந்த நிலையில் நிற்க இயலாது. நிலை பிசகினால் அந்தப் பிழை பின்வரும் எல்லாக் கோணங்களிலும் கூடவே வரும். இரும்புக் கட்டிலும் சக்கர நாற்காலியும் காந்தமானியைத் திசை திருப்புகின்றன. அதை அணைத்துவிட்டு அளக்க வசதி உண்டு, ஆனால் நேரம் செல்லச் செல்ல ஜைரோஸ்கோப்பின் கணக்கு விலகும் என்பதால் குறுகிய பயிற்சிகளுக்கே அது பொருந்தும். பட்டைகளை ஒற்றைக் கையால் கட்ட முடியாது என்பது, ஒரு கை செயலிழந்தவர்களுக்கான கருவியில் பெரிய குறை.

வீட்டில் இரு மணிக்கட்டுகளில் மட்டும் சென்சார்களை அணிந்து, இரு கைகளின் பயன்பாட்டு விகிதத்தைப் பெறலாம். நலமானவர்களில் இது 0.95-ஐ ஒட்டியே இருக்கும். நடக்கும்போது வீசும் கையும் பயன்பாடாகவே கணக்கில் சேர்வதால், இந்த எண்ணைத் தரத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தனித்தனி அளவுகளைப் படித்துப் பொருள்கொள்ளும் இயன்முறை மருத்துவர் உள்ள இடங்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க விரும்பும் இடங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குமுன், மூலத்தரவைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் உள்ளதா என்று பாருங்கள். எங்கள் பதிப்பில் அது இருந்ததால்தான் மதிப்பெண் எங்கே பிசகியது என்பதைக் கண்டுபிடிக்க முடிந்தது.