சிறு ஊர் வானொலி: சம்பள ஆட்களா, தன்னார்வலர்களா?

சிறு ஊர் எஃப்.எம். நிலையத்தைச் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தலாம். ஊர்க்காரர்களே தன்னார்வமாகவும் நடத்தலாம். வித்தியாசம் முதலில் தெரிவது காலை நிகழ்ச்சியில். சம்பள ஆள் டாண் என்று வந்து உட்கார்ந்துவிடுவார். தன்னார்வலருக்குக் காய்ச்சல் என்றால், மாற்று ஆள் கிடைக்கும்வரை கம்ப்யூட்டர் பாட்டு மேல் பாட்டாகப் போட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் பேச்சு என்று வந்தால் கதை மாறும். சம்பள நிலையத்தில் ஆட்கள் குறைவு. ஒருவரே செய்தி வாசித்து, விளம்பரம் பிடித்து, ஒலிப்பதிவையும் வெட்டி ஒட்டுவார். விளம்பரம் தருபவரைப் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது. தன்னார்வலரோ பகலில் ஆசிரியர், நர்ஸ், டிரைவர். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்ன, மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு ‘ப’ வரும்போதெல்லாம் புஸ்ஸென்று காற்றடிப்பார். சரி, அது பழகிவிடும்.

நிகழ்ச்சியை வானலையில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் மட்டும் ஆர்வத்துக்கு மசியாது. ஆன்டெனா கேபிளில் ஈரம் இறங்கினால், அனுப்பிய மின்திறனில் ஒரு பங்கு திரும்பி வந்து கருவியைப் பதம் பார்க்கும். அதைக் கவனிக்கத் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். என் ஓட்டு: மைக் முன்னால் ஊர்க்காரர்கள், டெக்னீஷியனும், யார் எப்போது பேசுவது என்று அட்டவணை போடுபவரும் சம்பளத்தில்.