துணுக்கு சொன்னால் பாட்டு வரும்: ஒரு செயலி விமர்சனம்

பாடலின் ஒரு வரியைக்கூட ஒலிக்கவிடாமல், அதைப் பற்றிய துணுக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தந்து பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இந்தக் கைப்பேசிச் செயலி, திரையிசைப் பித்தர்களுக்கு நல்ல தீனி. கடினமான குறிப்பு முதலில் வரும். அடுத்தடுத்த குறிப்புகளைக் கேட்கக் கேட்க மதிப்பெண் குறையும்.

குறிப்புகளை எழுதியவர் விஷயம் தெரிந்தவர். 'அப்பர் தேவாரம் இடையில் வரும் துள்ளலான பாட்டு' என்ற ஒற்றை வரியைப் படித்ததும் 'குனித்த புருவமும்' நினைவுக்கு வர, அதைப் பிடித்துக்கொண்டே 1991இல் வெளியான 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' பாடலை எட்டுவது தனிச் சுகம். 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாடல் என்பதை இரண்டாவது குறிப்பாகத் தள்ளிவைத்ததும் சரியான முடிவே. அது முன்னால் வந்திருந்தால் பலர் யோசிக்காமலே சொல்லியிருப்பார்கள்.

விருதுக் குறிப்புகளில்தான் சறுக்கல். 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை உன்னிகிருஷ்ணனுக்குப் பெற்றுத் தந்த பாடல் எது என்று கேட்டுவிட்டு, 'என்னவளே' என்பதை மட்டும் சரியென ஏற்று, அதே விருதுக்குரிய 'உயிரும் நீயே' பாடலைத் தவறென்று சிவப்பில் காட்டுவது அநியாயம். வைரமுத்துவுக்கும் அதே ஆண்டு இரண்டு படங்களுக்காக விருது கிடைத்ததால், அங்கும் இந்தச் சிக்கல் எழும். விளம்பரங்கள் தொல்லைதான், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைக் காலப் பாடல்கள் இன்னும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டால், வீட்டுப் பெரியவர்களையும் ஆட்டத்தில் இழுத்துவிடலாம்.