மூன்று சராசரிகளை ஒப்பிட டி-சோதனையா, அனோவாவா?

மூன்று குழுக்களின் சராசரியை ஒப்பிடச் சொல்லி வீட்டுப்பாடம் வந்தால், பலருக்கும் முதலில் தோன்றுவது ஏற்கெனவே தெரிந்த, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையையே ஜோடி ஜோடியாக மூன்று தடவை போட்டுவிடலாம் என்பதுதான். கணக்கு என்னவோ எளிது, வம்பும் அங்கேதான்: இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிட ஒவ்வொரு சோதனையிலும் 5% வாய்ப்பு என்றால், மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால் மொத்தத்தில் அது சுமார் 14% ஆகிவிடும். ஐந்து குழு என்றால் 10 ஜோடி, 40%!

அனோவா என்பது பல குழுக்களின் சராசரிகளைச் சிதறலை வைத்து ஒப்பிடும் முறை; எல்லாவற்றையும் ஒரே சோதனையில் பார்க்கிறது. குழுக்களுக்கு இடையே உள்ள சிதறல், குழுவுக்குள் உள்ள சிதறலைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் எஃப் மதிப்பு. ஆனால் 'எங்கோ வேறுபாடு இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்தக் குழு என்று கேட்டால் வாய் திறக்காது, அதற்கு அப்புறம் குழுக்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடும் டூக்கி சோதனை தனியாகப் போட வேண்டும்.

இரண்டே குழுவா? சரி, இரண்டு குழுவுக்குள்ளும் சிதறல் சமம் என்று எடுத்துக்கொண்டால் எதைப் போட்டாலும் ஒன்றுதான், டி-யின் வர்க்கமே எஃப். மூன்று வந்துவிட்டால் நான் அனோவா பக்கம்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது, குழுக்களில் இருப்பவர்கள் வெவ்வேறு ஆட்களா, இல்லை அதே ஆட்களையே திரும்பத் திரும்ப அளந்தார்களா என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அது மாறினால் போட வேண்டிய சோதனையே வேறு.